உள்ளேயிருந்து திறக்காத கதவு

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் போய் "ஷேக் தாவூது வீடு எங்கே?" என்று கேட்டால் நாலு பேர் நாலு பக்கம் கை காட்டுவார்கள். அந்தப் பெயரில் அங்கே அத்தனை பேர். "பூட்டு பாய் வீடு" என்று கேட்டால்தான் வாசலிலேயே கொண்டுபோய் விடுவார்கள். பாய் பூட்டு செய்தவரும் இல்லை, விற்றவரும் இல்லை. கல்வராயன் மலையிலிருந்து புளி, கடுக்காய், சாமை வாங்கி வந்து கீழே கடை போட்டு விற்ற வியாபாரி. தன் பிக்கப் வண்டியை அவர் பூட்டிய பூட்டுக்குத்தான் அந்தப் பட்டம்.

டீ குடிக்க இறங்கினாலும் பூட்டுவார். ஒன்றுக்குப் போக இறங்கினாலும் பூட்டுவார். பூட்டிவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்து, சந்தேகம் வந்து, திரும்பி வந்து கதவை இழுத்துப் பார்ப்பார். ஒருமுறை வெள்ளிமலைச் சந்தையில் யாரோ அவர் வண்டி பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சூடுபட்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? பேட்டரி இருந்தது வெளியே, பாய் பூட்டியது கதவை. அதை அவரிடம் எடுத்துச் சொல்லப் போனவர்கள்தான் வாயைக் கட்டிக்கொண்டு திரும்பினார்கள். அப்படிப்பட்ட மனிதர் கடைசிக் காலத்தில் வண்டியைப் பூட்டியதே கிடையாது. பட்டம் மட்டும் ஒட்டியது ஒட்டியதுதான்.

அந்த வண்டி அவர் கைக்கு வரும்போதே பல கை மாறி வந்தது. வளையத்தில் மூன்று சாவி. ஒன்று ஸ்டார்ட் பண்ண. தேய்ந்து வழுவழுத்துப்போய், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவிக் கையில் எடுக்கலாம். இன்னொன்று டீசல் டேங்க் மூடிக்கு. மூன்றாவது கதவுக்கு. வலது கதவில் அது சொன்ன பேச்சைக் கேட்கும். இடது கதவில் அரைச் சுற்று சுற்றி, கொஞ்சம் வெளியே இழுத்து, முழங்காலால் கதவை ஒரு தள்ளு தள்ளினால்தான் மனம் இரங்கும். கூரையில் ஒரு சின்ன விளக்கு. கதவைத் திறந்தால் எரிய வேண்டியது, ஹாரன் அடித்தால் எரியும். டேஷ்போர்டில் இடது பக்கம் ஒரு டப்பா. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், தானே வாயைப் பிளக்கும். கண்ணாடி ஏற்றி இறக்கும் பிடி வலது பக்கம் உடைந்தபோது, இடது கதவில் இருந்ததைக் கழற்றி வலதில் மாட்டிக்கொண்டார். அன்றையிலிருந்து இடது பக்கக் கண்ணாடி ஏற்றியது ஏற்றினபடி நின்றது. கஞ்சத்தனம் என்று நூர்ஜகான் சொல்லுவார். கட்டிய மனைவி, அவருக்குச் சொல்ல உரிமை உண்டு.

அந்த இடது பக்க சீட் அய்யனாருக்குப் பட்டா போட்டுக் கொடுத்தது போல. ரிஷிவந்தியம் பக்கத்தில் குத்தகை நிலம் பிடித்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிறவன் அய்யனார். பாயைவிட நாலைந்து வயது இளையவன். அவன் மூட்டையைக் கள்ளக்குறிச்சிக்கு ஏற்றி வந்த பழக்கம்தான், நாளாவட்டத்தில் சினேகமாகிவிட்டது. நிலத்தில் வேலை இல்லாத நாளில் பாயோடு மலைக்குக் கிளம்பிவிடுவான். மூட்டை தூக்குவான். வழி நெடுக வாய் ஓயாமல் பேசுவான். பாய்க்குப் பேச வராது. அவன் பேச, இவர் சிரிப்பார். வண்டி ஏறும் இறங்கும்.

ஒருநாள் வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது முன்னால் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் அய்யனார். ஒரு வளைவில் அவன் முழங்கால் இடித்து உள்கைப்பிடி மேலே தூக்கிக்கொள்ள, கதவு படக்கென்று திறந்துகொண்டது. கீழே அதலபாதாளம். நடுவில் இருந்தவர் அலறினார். பாய் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறு கையை நீட்டி அய்யனாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். சட்டை கிழிந்தது, ஆள் பிழைத்தான்.

பாய் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். அய்யனார் கிழிந்த சட்டையைத் தூக்கிப் பார்த்தான்.

"இன்னா பாய், புதுச் சட்டைய இப்படிக் கிழிச்சிட்ட?"

"ஆளு இருக்கியா பாரு மொதல்ல. சட்டை போனா போவுது."

அய்யனார் அங்கேயே ஸ்க்ரூ டிரைவரை வாங்கி, இடது கதவின் உள்கைப்பிடியையும் பூட்டுக் குமிழையும் தன் கையாலேயே கழற்றிப் போட்டான். "இனிமே முட்டி பட்டா இன்னா, மூக்கு பட்டா இன்னா" என்றான். கைப்பிடியைப் பழந்துணியில் சுற்றி டேஷ்போர்டு டப்பாவில் போட்டதும் அவன்தான்.

அதன் பிறகு அந்தக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் பாய் இறங்கி, வண்டியின் மூக்கைச் சுற்றி வந்து, வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். அய்யனார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பான். "கலெக்டரு வந்துக்கினு இருக்காரு, கதவத் தொறங்கய்யா" என்பான். வீட்டில் போய் மனைவி அமிர்தத்திடமும் பீற்றிக்கொள்வான். "ஊர்ல எவனுக்காவது கதவு தொறந்துவுட ஆளு இருக்கா? எனக்கு இருக்காரு பாரு." அமிர்தம் முகத்தை நொடித்துக்கொண்டு சிரிப்பாள்.

எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் அய்யனாரின் சாதிச் சங்கத்தார் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று அறிவித்தார்கள். கேட்டது சரியா, கேட்ட விதம் சரியா என்று இன்றைக்கு நிழலில் உட்கார்ந்துகொண்டு ஆளுக்கொரு நியாயம் பேசலாம். ஏர் பிடிக்கிறவன் பிள்ளைக்கும் ஒரு உத்தியோகம் வேண்டும் என்றுதான் அய்யனார் போனான். அவனுக்குத் தெரிந்த அரசியல் அவ்வளவுதான்.

"அந்த வாரம் வண்டிய எடுக்காத பாய்" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தான். பாய்தான் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சாமை மூட்டை இறக்க ரிஷிவந்தியம் பக்கம் போனவர், அங்கேயே தங்கிவிட்டு விடிந்ததும் கிளம்பினார். கொஞ்ச தூரத்தில் முன்னால் ஒரு புளியமரம் சாய்ந்தது. திருப்புவதற்குள் பின்னால் ஒன்று சாய்ந்தது. நடுவில் இரண்டு லாரி, ஒரு பஸ், பாயின் பிக்கப். பின்னால் விழுந்த மரத்தில் ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்திருந்தவன் அய்யனார்.

"சொன்னா கேட்டியா?" என்று சிரித்தான். "கெடக்கட்டும். எங்க வூட்டுச் சோறு உனக்கு எழுதியிருக்குது."

மறியல் பண்ணுகிறவர்கள்தான் மாட்டிக்கொண்ட டிரைவர்களுக்கும் சோறு போட்டார்கள். அந்த ஊர் அப்படி. அமிர்தம் தூக்குவாளியில் களியும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்து வண்டி ஜன்னல் வழியாக நீட்டுவாள்.

"வெக்கப்படாம சாப்புடுங்க பாய். பத்தலன்னா சொல்லுங்க."

பாய் அந்தக் களியைத் தின்றார். இரவில் இடது கதவை வெளியிலிருந்து சாவி போட்டுப் பூட்டிவிட்டு, வலது பக்கம் ஏறிப் படுத்துக்கொண்டார். பழக்கம் விடுமா?

போலீஸ் வந்தது மறுநாள், நன்றாக வெயில் ஏறிய பிறகு. அப்போது பாய் சீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மரத்தின் அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. பிறகு ஓடுகிற கால்களின் சத்தம், பிறகு தடிகளின் சத்தம். பாய் டம்ளரைப் போட்டுவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். கண்ணாடியை ஏற்றினார். அவர் கட்டை விரல் கதவுக் குமிழை அழுத்தியது. ஆயிரம் முறை பூட்டிப் பழகிய கை, யாரையும் கேட்டுக்கொண்டு பூட்டவில்லை.

அய்யனார் வலது பக்கமாகத்தான் ஓடிவந்தான். கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். திறக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகம், இந்தப் பக்கம் பாய் முகம். நடுவில் ஒரு சாண் இருக்கும்.

"பாய், தொற பாய்."

பாயின் விரல் குமிழுக்குப் போனது. தூக்கினால் ஒரு நொடி. அவன் தோளுக்குப் பின்னால் காக்கி தெரிந்தது, ஓங்கிய தடி தெரிந்தது. நூர்ஜகான் தெரிந்தார், கடை தெரிந்தது, பிள்ளைகள் தெரிந்தார்கள். பாய் குமிழைத் தூக்கவில்லை.

அய்யனார் அவரை ஒரு பார்வை பார்த்தான். கோபம்கூட இல்லை, நம்பமாட்டாத பார்வை. பிறகு வண்டியின் மூக்கைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் ஓடினான். உயிர் பயத்தில் அறிவு எங்கே வேலை செய்யும்? தான் உள்கைப்பிடி கழற்றிய, இரவு பாய் பூட்டிய கதவையே பிடித்து இழுத்தான், உள்ளங்கையால் அறைந்தான். அப்போதுதான் பாய்க்கு உடம்பில் உயிர் வந்தது. சீட்டில் தாவி அந்தக் கதவைத் தடவினார். கைப்பிடி இருந்த இடத்தில் வெறும் தகரம். மறுபடி மறுபடி தடவினார். வெளியே அடி விழுந்த சத்தம் வண்டியே அதிரும்படி கேட்டது. கண்ணாடியிலிருந்து அய்யனாரின் கை வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று.

கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் கண் திறக்காமல் கிடந்து அய்யனார் செத்துப்போனான். பாய் ஆஸ்பத்திரிக்குள் போகவில்லை. வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினார்.

சாலையின் இடது பக்கம் டீக்கடை போட்டிருந்தவர் சுப்புராயன். அவர் பந்தலுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னார். அவர் பார்த்தது இடது கதவை மட்டும்தான். பாய் துடித்ததையும், தகரத்தைத் தடவியதையும் பார்த்தார். ஊரில் யாரோ, "பாயி ஏன் கதவத் தொறக்கல?" என்று பல்லைக் கடித்தபோது அவர்தான் முன்னால் வந்தார்.

"பூட்டிக் கெடந்த அந்தக் கதவு உள்ளேர்ந்து தொறக்காதுய்யா. கைப்பிடியே கெடையாது. அந்த மனுசன் பட்ட பாட்ட என் கண்ணால பாத்தேன். பாவம், அவுரு இன்னா பண்ணுவாரு?"

எல்லோரும் பாயைப் பார்த்தார்கள். பாய் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். ஊர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டது. சிலர் அவர் தோளைத் தட்டித் தேற்றக்கூடச் செய்தார்கள். அந்தத் தட்டல் அடியைவிட வலித்தது என்று அவர் யாரிடம் சொல்ல முடியும்?

பொய் சொல்லவில்லை என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்வார். நிஜம்தானே, இடது கதவில் கைப்பிடி இல்லைதானே. நாள் ஆக ஆக அந்த இடது கதவையே அவர் பிடித்துக்கொண்டார். வலது கதவை நினைக்காமலிருக்கப் பழகினார். நூர்ஜகான் எத்தனையோ தடவை கேட்டார்.

"ஏங்க, டப்பாவுல தானே கெடக்குது, எடுத்து மாட்டினா இன்னா? உள்ள உக்காந்துக்கினு எவ்ளோ நேரம்தான் நான் காத்துக்கினு இருக்கறது?"

"அது அப்படியே இருக்கட்டும்" என்பார் பாய்.

இருந்த ஒரே சாட்சி அந்தக் கதவு. சாட்சியை யாராவது தானே கலைப்பார்களா? அமிர்தம் ஒரே ஒரு முறை அந்த சீட்டில் வந்து உட்கார வேண்டும், கதவைத் தடவிப் பார்க்க வேண்டும், "நீங்க இன்னா பண்ணுவீங்க பாய்" என்று அவள் வாயால் சொல்ல வேண்டும். அது போதும், அப்புறம் நிம்மதியாகச் சாகலாம் என்று நினைத்தார். அமிர்தமோ அவரிடம் ஒரு வார்த்தை கேட்டவள் இல்லை. காரியத்தன்று கூட்டத்தின் கடைசியில் நின்றவரை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான். அந்த வழியாக வண்டி போகும்போதெல்லாம் அவள் களை வெட்டிக்கொண்டிருப்பாள். ஹாரன் கேட்டாலும் நிமிர மாட்டாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தனி ஒதுக்கீடு வந்தது. ஊரெல்லாம் வெடி வெடித்தார்கள். உயிரை விட்டவர்களின் குடும்பங்களைக் கௌரவிக்கக் கள்ளக்குறிச்சியில் ஒரு கூட்டம் போட்டார்கள். அமிர்தத்தையும் ஊர்ப் பெண்களையும் அழைத்துப்போக வண்டி தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சுப்புராயன் சொன்னதுதான் தாமதம், பாய் விடிந்தும் விடியாமல் அங்கே போய் நின்றுவிட்டார். வண்டியைக் கழுவி, சீட்டைத் துடைத்து வைத்திருந்தார். அமிர்தம் மாட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். அவள் சொல்லவில்லை. சட்டம் போட்ட அய்யனார் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பின்னால் ஏறினார்கள். பாய் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தார். அவள் ஏறி, படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். பாய் கதவைச் சாத்தினார்.

வண்டி கிளம்பியது. மறியல் நடந்த இடத்தில் புளியமரத்தின் அடிக்கட்டை இன்னும் இருந்தது. அதை ஒட்டி ஒரு பள்ளம். சக்கரம் இறங்கியதும் டப்பா வாயைப் பிளந்தது. துணிச்சுருள் ஒன்று படத்தின் மேல் விழுந்தது. அமிர்தம் பிரித்துப் பார்த்தாள்.

"இது இன்னா பாய்?"

"அந்தக் கதவோட கைப்பிடிம்மா."

அவள் கதவைப் பார்த்தாள். ஸ்க்ரூ இருந்த ஓட்டைகளை விரலால் தொட்டாள். இரண்டு வருஷமாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த பேச்சு பாயின் வாயிலிருந்து தானாக வந்தது.

"அன்னிக்கு உள்ளேர்ந்து தொறக்க முடியலம்மா. எவ்ளோ தடவினேன் தெரியுமா? அல்லா மேல சத்தியமா சொல்றேன், வெறும் தகரந்தான் கையில பட்டுச்சு."

"தெரியுங்க பாய்" என்றாள் அமிர்தம். "இதக் கழட்டினதே அவருதான? வூட்ல வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே."

பாய்க்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை நாள். ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

அமிர்தம் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் பாய் எனக்குப் புரியல. நீங்க எப்பவும் பூட்டி வெக்கிற இந்தக் கதவு உள்ளேர்ந்து தொறக்காதுன்னு உங்களவிட அவருக்குத் தெரியும். உசுருக்கு ஓடியாறவரு மொதல்ல இந்தப் பக்கமா வருவாரு?"

வண்டி மெதுவானது. பாயின் கால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து தானாகவே எழும்பிவிட்டிருந்தது. அமிர்தம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, வலது கதவின் குமிழைப் பார்த்தாள்.

"உன் பக்கம் வந்தாரா?"

ஊரில் யாரும் கேட்காத கேள்வி. தலையைக் குனிந்து தப்பிக்க முடியாத கேள்வி.

"வந்தான்" என்றார் பாய்.

அவள் அழவில்லை. கத்தவில்லை. படத்தை மடியில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு கேட்டாள்.

"இன்னா சொன்னாரு?"

"'பாய், தொற பாய்'னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலம்மா."

அமிர்தம் முந்தானையால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

"ஆஸ்பத்திரில கண்ணையே தொறக்கல. கடைசியா இன்னா பேசினாரு, யார்கிட்ட பேசினாருன்னு தெரியாம ரெண்டு வருசமா கெடந்து சாவுறேன். கேட்டவன் நீ ஒருத்தன்தான். நீயா வந்து சொல்லுவேன்னு பாத்துக்கினே இருந்தேன். அதக்கூட வெளிய வுடாம பூட்டி வெச்சிருந்தியே பாய்."

வண்டி எப்படிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தது என்று அவருக்கே தெரியாது. சுற்றி வந்து கதவைத் திறந்தார். அமிர்தம் கைப்பிடியை சீட்டின் மேல் வைத்தாள்.

"மாட்டிடு" என்று சொல்லிவிட்டு, படத்தை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போனாள்.

மைக்கில் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டிருந்தார்கள். அய்யனார் பெயர் வந்தபோது கூட்டம் கைதட்டியது. பாய் வண்டிக்குள் மண்டியிட்டு ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்ததும் கதவைச் சாத்திவிட்டுத் திறந்து பார்த்தார். ஒரு விரல் பட்டதும் திறந்துகொண்டது. அந்த மனிதர் அங்கேயே சீட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். கூட்டத்துக்கு வந்த யாரோ எட்டிப் பார்த்து, உயிரை விட்டவர்களை நினைத்து அழுகிறார் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

திரும்பும்போது அமிர்தம் அதே சீட்டில்தான் வந்தாள். ஊர் வந்ததும் பாய் வழக்கம்போல இறங்கி, கதவைத் திறந்துவிட வண்டியைச் சுற்றி நடந்தார். பாதி வழியில், அன்றைக்கு அய்யனார் சுற்றி ஓடினானே, அந்த மூக்குக்கு முன்னால் வரும்போது கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அமிர்தம் உள்ளேயிருந்து தானே திறந்து, படத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கினாள். பாய் நின்றுவிட்டார். அவள் கதவைச் சாத்தினாள், வீட்டைப் பார்த்து நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.